கணக்கெடுப்பு நாள் வரைக்கும்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் மாமாவுக்குச் சளி, எனக்கு எரிச்சல், மற்றபடி இரண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது ஆணியில் சட்டையை மாட்டின மாதிரி இருந்தாய்.

இங்கே பெரிய கூத்து. எங்கள் குடியிருப்பை இடித்துக் கட்டுகிற திட்டத்துக்கு நகராட்சி மன்றம் நிதி ஒதுக்கிவிட்டது. ஒன்பது பிளாக்கும் தரைமட்டம், அதே இடத்தில் இருபது மாடி. கவுன்சிலர் மைதானத்தில் மேடை போட்டுப் படமெல்லாம் காட்டினார். படத்தில் மரம் இருந்தது, சைக்கிள் ஓட்டுகிற பெண் இருந்தாள், எங்களை மாதிரி ஒரு மூஞ்சிகூட இல்லை. "யாரும் பயப்பட வேணாம், இருக்கிறவங்க எல்லாருக்கும் புது வீடு உண்டு" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? எழுந்து நின்று, "இருக்கிறவங்கன்னா, என்னைக்கு இருக்கிறவங்க?" என்று கேட்டுவிட்டேன். உன் மாமா என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் வளையல் ஒன்று உடைந்தது.

மேடையிலிருந்த அதிகாரி காகிதத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். செப்டம்பர் இருபதாம் தேதி கணக்கெடுப்பு. அன்றைக்குக் கதவைத் தட்டும்போது உள்ளே குடும்பம் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நகராட்சிச் செலவில் புது வீடு. ஆள் இல்லாத வீடு கணக்கில் வராது, அதற்குப் பதிலான புது வீட்டைக் கட்டுகிற கம்பெனியே விற்றுக்கொள்ளலாம். கேட்டுக்கொண்டாயா? இங்கிருந்து ஒரு குடும்பம் கிளம்பினால் கம்பெனிக்கு ஒரு வீடு லாபம்.

பதினாறு வருஷமாக நான்காம் பிளாக், மூன்றாம் மாடி. என் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வேறு எங்கே போவேன், அங்கே யார் துணி கொடுப்பார்கள்? உன் மாமா ஓட்டுகிற பஸ்ஸும் இந்தத் தெருமுனை டிப்போவிலிருந்துதான் கிளம்புகிறது. அவர் சம்பளத்துக்கு வெளியே ஒண்டுவதற்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. ஆறு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட வேண்டியதுதான்.

நீ புது வேலையில் சேர்ந்ததாகக் கேள்வி. என்ன வேலை, யாரோடு தங்கியிருக்கிறாய், எல்லாம் விவரமாக எழுது.

உன் நல்லதையே நினைக்கும்
அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தது. மாமாவின் சளி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம். சட்டை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

தச்சு வேலைதான். பழைய கட்டடங்களை இடிக்கும் முன்னால் கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றையும் சேதமில்லாமல் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டும். தங்குவதற்குக் கம்பெனியே தகரக் கொட்டகை கொடுத்திருக்கிறது. வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அதனால் கடிதமே போடு.

என் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை நாங்கள் டாக்டர் என்று கூப்பிடுவோம். படித்தது எட்டாவது. ஆனால் பையில் தைலம், மாத்திரை, பஞ்சு எல்லாம் இருக்கும். பசிக்கிறது என்று சொன்னால்கூட முதலில் நாக்கை நீட்டச் சொல்வார். போன வாரம் எனக்கு நல்ல காய்ச்சல். மூன்று நாள் வேலைக்குப் போகாமல் என் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "உங்க அக்காவுக்கு எழுதுறப்ப சொல்லு, பையனை நான் பாத்துக்கிறேன்னு" என்றார். சொல்லிவிட்டேன்.

இடது கையில் சுத்தியல் பட்டு முட்டியெல்லாம் வீங்கியிருக்கிறது. அதனால்தான் எழுத்து கோணல்.

எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. மாமாவையும் போட விடாதே.

உன் அன்பை மறவாத
தம்பி

*

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டதா? அந்த டாக்டருக்கு நான் கும்பிட்டதாகச் சொல். அம்மா இல்லாத பிள்ளையை யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று படித்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உன் மாமாவோ, "அவரை இங்க அனுப்பச் சொல்லு, என் முதுகையும் பாக்கட்டும்" என்கிறார்.

இங்கே ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் லிஃப்ட். பட்டனையெல்லாம் கடப்பாரையால் பெயர்த்துவிட்டு, உள்ளே மனுஷ அசிங்கத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பத்துப் பேர், எல்லோர் தலையிலும் கம்பெனி ஹெல்மெட். முறுக்கு மீசை வைத்த மேஸ்திரி ஒருவன். மாடி மாடியாக ஏறி, "எப்ப கிளம்பறீங்க?" என்று விருந்துக்கு வந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டே கேட்கிறான்.

இரண்டாம் மாடிக் காய்கறிக்காரரை உனக்குத் தெரியுமே, கீழே கடை வைத்திருப்பவர். "நான் கிளம்புற உத்தேசம் இல்ல" என்று அவரும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் அவர் வலது கையைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி அந்தக் கையின் மேல் கடை ஷட்டரை இழுத்து விட்டான். நான் பால் வாங்கிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தேன். நான்கு விரல், தம்பி. ஒன்று தோலில் தொங்கியது. அவர் கத்தக்கூட இல்லை, வாயைத் திறந்து திறந்து மூடினார். மேஸ்திரி என்னைப் பார்த்து, "நீங்க துணி தைக்கிறவங்கதானே? இதையும் தச்சுக் குடுத்துடுங்க" என்றான்.

போலீஸ் வந்து, ஷட்டர் பழுது என்று எழுதிக்கொண்டு போனது.

ஒன்று கேட்கிறேன். நீ பிறவியிலேயே இடதுகைக்காரன். சுத்தியல் பிடிக்கிற கையும் அதுதான். பிடித்த கையின் முட்டியிலேயே சுத்தியல் எப்படிப் பட்டது? யோசித்து யோசித்துப் பார்த்தேன், விளங்கவில்லை. எழுது.

அக்கா

*

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். கை ஆறிவிட்டது. காய்கறிக்காரரை நினைத்து இரண்டு நாள் தூக்கம் இல்லை.

நான் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. லிஃப்டுக்குப் பிறகு படிக்கட்டு விளக்குகளை உடைப்பார்கள். அதற்குப் பிறகு மேல்தொட்டித் தண்ணீரில் டீசல் ஊற்றுவார்கள். குடிக்கிற தண்ணீரைப் பிடித்துக் குடத்தில் வைத்துக்கொள். கடைசியாகத்தான் கதவு. உள்ளே ஆள் இருக்கும்போதே கதவைக் கழற்றிக்கொண்டு போவார்கள். கதவில்லாத வீட்டில் யாரும் ஒரு வாரத்துக்கு மேல் இருப்பதில்லை.

உன் கதவின் கீல்களில் இருக்கிற திருகாணியை எடுத்துவிட்டு, சுவர்வரை இறங்குகிற நீளத் திருகாணி போடு. போட்டதும் தலையை அரத்தால் ராவிவிடு, ஸ்குரூ டிரைவர் பிடிக்காது. உள்பக்கம் குறுக்கே இரும்புப் பட்டை அடி.

அடித்தால் காலில்தான் அடிப்பார்கள். தலையில் அடித்தால் கேஸ், காலில் அடித்தால் தடுக்கி விழுந்தான் என்று சொல்லிவிடலாம். மாமாவைத் தனியாக நடக்க விடாதே.

டாக்டர் உன்னை விசாரித்தார்.

தம்பி

*

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

எல்லாம் நீ எழுதின வரிசையிலேயே நடந்தது. பத்தாம் தேதி விளக்கு. பதினைந்தாம் தேதி தண்ணீர், குழாயைத் திறந்தால் பெட்ரோல் பங்க் வாடை. இருபதாம் தேதி கதவு. நான்காம் மாடியில் ஒரே பகலில் ஒன்பது கதவுகளைக் கழற்றினார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி குறுக்கே நின்றாள், அவள் தலைமுடியைப் பிடித்துப் படியில் இழுத்தார்கள். குழந்தை என் கையில் வந்து விழுந்தது. அடி இல்லை.

என் கதவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஸ்குரூ டிரைவர் வழுக்கி வழுக்கி ஒருவன் கையையே கிழித்தது. நான் உள்ளே சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்து ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினான். இஸ்திரிப் பெட்டியை அந்த மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன். நன்றாக அழுத்தினேன். அவன் கையை இழுத்தபோது தோல் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டது. கரண்டியால் சுரண்டிப் போட்டுவிட்டு அடுத்த சட்டையைத் தேய்த்தேன். உன் அக்காவா இது என்று நீ கேட்பாய். நானும்தான் கேட்டுக்கொண்டேன்.

இப்போது நீ சொல். தச்சனுக்குக் கதவைப் பற்றித் தெரியும், சரி. தண்ணீரில் டீசல் ஊற்றுவார்கள் என்று தச்சனுக்கு எப்படித் தெரியும்? காலில்தான் அடிப்பார்கள் என்று உனக்கு யார் சொன்னது? சுற்றி வளைக்காமல் பதில் போடு.

அக்கா

*

ஜூன் 29

தம்பிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நோய் நொடி ஒன்றும் இல்லையே? எழுத முடியாமல் கிடக்கிறாயோ என்ற பயத்தில்தான் மறுபடி எழுதுகிறேன். அதுவாக இல்லையென்றால் உன்னைச் சும்மா விட மாட்டேன்.

மாமாவின் காலை உடைத்துவிட்டார்கள். தினமும் டிப்போ வாசல்வரைக்கும் நான் கூடப் போவேன். பன்னிரண்டாம் தேதி பள்ளிக்கூடத்துச் சீருடை தைத்துக் கொடுக்க வேண்டிய அவசரம். "நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று கேட்டுவிட்டுத் தனியாகப் போனார். நானும் ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். பட்டப்பகல். டிப்போ சுவர் ஓரத்தில் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள், ஒருவன் இரும்புக் குழாயால் வலது முட்டியிலேயே அடித்திருக்கிறான். அடி மாறவே இல்லையாம், தரையில் முளை அடிக்கிற மாதிரி ஒரே இடத்தில். முட்டிச் சில்லு மூன்று துண்டு. இனி பிரேக் மிதிக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

நாற்பது குடும்பம் இருந்த பிளாக்கில் இப்போது பதினொன்று. முன்படிக்கட்டைப் பீரோ, கட்டில் எல்லாம் போட்டு அடைத்துவிட்டோம். இனி போவதற்கு எனக்கு இடமும் இல்லை, சம்பளமும் இல்லை. இந்த வீடு ஒன்றுதான்.

பதில் போடு.

அக்கா

*

ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா இப்போது எப்படி இருக்கிறார்? என்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லாதே. பொய் சொல்ல எனக்குத் தெம்பு போய்விட்டது.

நான் கழற்றுகிற கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். சேரும்போது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. இரண்டாவது வாரம் ஒரு வீட்டில் ஒருவர் நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூன்று பேர் இழுத்தும் விடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். முகத்தில் குத்தினேன். அவர் விட்ட பிறகும் குத்தினேன். அவருடைய பல் ஒன்று என் முட்டியில் குத்தி நின்றது, டாக்டர்தான் பிடுங்கி எடுத்தார். சுத்தியல் என்று உனக்கு எழுதியது அதைத்தான். அன்றைக்கு வாந்தி எடுத்தேன். அடுத்த வாரம் எடுக்கவில்லை, அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் ஊரிலும் இதே கம்பெனிதான். எனக்கு மார்ச் மாசமே தெரியும். போன வாரம் எங்கள் கூட்டத்தையும் இங்கே மாற்றிவிட்டார்கள். கொட்டகை பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறது. உன் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் உட்கார்ந்துகொண்டு உனக்குத் தபால் எழுதுகிறேன்.

ஓடிவிடலாம் என்றேன். "நானும் ஓடிப் பாத்தவன்தான்" என்று டாக்டர் பேன்ட்டைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கணுக்காலும் கோணலாகக் கூடியிருக்கின்றன.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை.

தம்பி

*

ஜூலை 25

தம்பிக்கு,

இங்கே யாரும் சௌக்கியம் இல்லை. உன் சௌக்கியத்தை நான் கேட்கப்போவதும் இல்லை.

"பையன் எழுதியிருக்கானா, எப்படி இருக்கான்?" என்று உன் மாமா படுத்த படுக்கையிலிருந்தே கேட்டார். நல்லா இருக்கான் என்றேன். அதைச் சொல்ல எனக்கு என் நாக்கையே கடித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது. சின்ன வயதில் நீ இடது கையில் எழுதுகிறாய் என்று வாத்தியார் பிரம்பால் அடித்தபோது, பள்ளிக்கூடத்துக்குள்ளே புகுந்து அவரோடு சண்டை போட்டவள் நான். என்ன புத்தி எனக்கு! அன்றைக்கே அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்க வேண்டும்.

உன் அழுகையை மூட்டை கட்டி வை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். கணக்கெடுப்புக்கு முன்னால் கடைசியாக எப்போது வருவார்கள், எந்த வழியாக வருவார்கள், யார் முதலில் ஏறுவான். தெரிந்ததும் எழுது. அதுவரைக்கும் எழுதாதே.

அக்கா

*

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் திடமாக இருக்க வேண்டும். நீ கேட்டது கிடைத்துவிட்டது.

பதினேழாம் தேதி காலை ஏழு மணி. முன்வழியை அடைத்திருப்பதால் பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டு வழியாக வருவார்கள். இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கடப்பாரை அந்த முறுக்கு மீசை மேஸ்திரி கையில் இருக்கும், அவன்தான் முதலில் ஏறுவான், மற்றவர்கள் நான்கு படி தள்ளிப் பின்னால். மாமாவின் முட்டியை உடைத்தவனும் அவன்தான். சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

பதினொரு குடும்பமும் ஒருத்தர் விடாமல் படிக்கட்டுக்கு மேலே வந்து நில்லுங்கள். எல்லோர் கையிலும் செல்போனைத் தூக்கிப் பிடியுங்கள். படம் எடுத்தால் இவர்கள் பின்வாங்குவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

நானும் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகப்படுவார்கள். கடைசி ஆளாக நிற்பேன். என்னைப் பார்த்தால் யாரோ மாதிரி இரு.

தம்பி

*

செப்டம்பர் 21

என் அன்புள்ள தம்பிக்கு,

நல்லா இருக்கிறாயா, ராசா? கோபத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு எழுதுகிறேன். நேற்று கணக்கெடுப்பு முடிந்தது. அதிகாரிகள் பதினொரு கதவையும் தட்டினார்கள், பதினொரு கதவும் உள்ளேயிருந்து திறந்தது. முத்திரை வைத்த காகிதம் கொடுத்துவிட்டார்கள். உன் மாமா அதை மார்பில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

நீதான் காப்பாற்றினாய். ஆனால் நீ சொன்னபடி மட்டும் நான் செய்யவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்தால் இவன்கள் பயப்படுவான்களா என்று எனக்குச் சந்தேகம். பதினாறாம் தேதி சாயங்காலம் மாமாவின் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மூன்றாம் மாடியில் படி திரும்புகிற இடத்தில் ஒரு இரும்புத் தட்டு இருக்கிறதே, அதற்கு நாலு போல்ட். மூன்றைக் கழற்றிவிட்டு, நாலாவதைப் பேருக்கு விட்டு வைத்தேன். காய்கறிக்காரர் மிச்சமிருக்கிற கையால் தட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். வேறு யாருக்கும் தெரியாது.

காலையில் எல்லோரும் மேலே நின்றோம். கடப்பாரைக்காரன் முதலில் வந்தான். ஹெல்மெட் கண்வரைக்கும் இறங்கியிருந்தது, மூஞ்சி தெரியவில்லை, கடப்பாரை தெரிந்தது, அது போதும் எனக்கு. தட்டில் காலை வைத்ததும் அது வாயைத் திறந்த மாதிரி கவிழ்ந்தது. இரண்டாம் மாடிக் கைப்பிடியில் முதுகு பட்டு இரண்டாக மடங்கினான். அப்புறம் தரை. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? மற்றவர்கள் கீழே சிதறி ஓடினார்கள். நான் எட்டிப் பார்த்து அவன் மேல் காறித் துப்பினேன். பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, தம்பி. மாமாவின் முட்டிக்கும் நாலு விரலுக்கும் கணக்கு முடிந்தது என்றுதான் இருந்தது.

கூட்டத்தில் உன்னைத் தேடினேன். எல்லா ஹெல்மெட்டும் ஒரே மாதிரி. பத்திரமாக இருக்கிறாய் அல்லவா? அவன் செத்தானா? உடனே எழுது. டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, புது வீடு வரும்வரைக்கும் இங்கேயே இருக்கலாம்.

உனக்காகக் காத்திருக்கும்
அக்கா

*

அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கு வீடு உறுதியானதில் எனக்குச் சந்தோஷம். மாமாவிடம் சொல்.

விழுந்தது டாக்டர்.

படிக்கட்டின் அடியில் மேஸ்திரி என்னை முன்னால் இழுத்துவிட்டான். நீ எனக்குப் போட்ட கடித உறையில் உன் விலாசத்தைப் பார்த்திருக்கிறான். "உன் அக்கா வீடாமே? அப்ப நீ ஏறு முதல்ல. அக்கா கதவைத் தம்பியே கழட்டட்டும்" என்று கடப்பாரையை என் கையில் திணித்தான். நானும் சரி என்றேன். மேலே நீங்கள் எல்லோரும் நிற்பீர்கள், வந்து உன் காலில் விழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதல் படியில் கால் வைத்துவிட்டேன். டாக்டர் வந்து தோளைப் பிடித்து நிறுத்தினார். "அக்கா மூஞ்சியில எப்படிடா முழிப்பே? குடு இங்க. அந்தம்மா திட்டினா என்னைத் திட்டிட்டுப் போகட்டும்" என்று கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு போனார். கோணல் காலோடு ஒவ்வொரு படியாக ஏறினார்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் உயிரோடு இருந்தார். மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. இருமினால் ரத்தம். நீ துப்பியது அவர் கன்னத்தில் இருந்தது, நான்தான் துடைத்தேன், மேலே குழாய் ஏதோ ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டு. நான்காம் நாள் உனக்கு வீடு கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் கிடைத்தது என்றேன். "நல்லதாப் போச்சு" என்றார்.

அவருக்கு அம்மா இருக்கிறார்கள். படி துருப்பிடித்திருந்தது என்று அவர்களுக்கு எழுதினேன், போலீசிடமும் அதையே சொன்னேன். அப்போது அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து கொட்டகைக்கு வந்தபோது உன் கடிதம் கட்டிலில் கிடந்தது.

அங்கிருந்து வெளியே வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. மேஸ்திரி நன்றாக இருக்கிறான். உன் மேல் கோபப்படப் பார்க்கிறேன், முடியவில்லை. நாளும் நேரமும் எழுதிக் கொடுத்தது நான்தானே.

தம்பி

*

நவம்பர் 2

என் தம்பிக்கு,

எங்கே சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய், ஒன்றும் தெரியவில்லை. உறையில் இருந்த விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். கிடைத்தால் போதும்.

முதலில் ஏற இருந்தது நீ. அந்த வரியைப் படித்ததும் கழிப்பறைக்குப் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு கத்தினேன். முதலில் கால் வைக்கிறவன் சாகட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன். உன்னை ஈரத்துணி போட்டுக் காப்பாற்றியவரைக் கொன்றுவிட்டு மேலேயிருந்து துப்பினவள் நான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மாமாவிடம் சொல்லவில்லை. ஸ்பேனரையும் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். "படி துருப்பிடிக்கல, நான்தான் போல்ட்டைக் கழட்டினேன், எழுதிக்குங்க" என்றேன். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நகராட்சிக்குப் போன் பண்ணி மெதுவாகப் பேசினார். பிறகு என்னிடம், "அம்மா, கேஸ் போட்டா கட்டடத்துக்குச் சீல் வைக்கணும். வேலை நிக்கும். வேலை நின்னா அடுத்த தவணை நிதி வராது, திட்டமே போயிடும். உங்களுக்கும் வீடு கிடையாது, மத்த பத்துக் குடும்பத்துக்கும் கிடையாது. துருன்னு எழுதி மூடியாச்சு. அந்தாளு விதி அவ்வளவுதான். வீட்டுக்குப் போங்க" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மேடைக்கு முன்னால் எழுந்து நின்று கேட்டவள், கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தவள். அந்த மேஜையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டாமா? "சரிங்க" என்றேன். ஸ்பேனரை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டேன். வாசல்வரைக்கும் வந்து திரும்பி, நன்றி என்றுகூடச் சொன்னேன். அங்கே யாரும் என்னை அடிக்கவில்லை, தம்பி. தலைமுடியைப் பிடித்து இழுக்கவில்லை, விரலை எதற்குக் கீழேயும் வைக்கவில்லை. மரியாதையாகக் கேட்டார்கள், நான் கொடுத்துவிட்டேன்.

புது வீட்டில் எந்த மாடி வேண்டும் என்று நகராட்சியிலிருந்து படிவம் வந்திருக்கிறது. தரைத்தளம் என்று எழுதினேன். "உங்க காலுக்காகத்தான்" என்று மாமாவிடம் சொன்னேன்.

நீ என் முகத்தில் விழிக்க வேண்டாம், பதிலும் போட வேண்டாம். டாக்டருடைய அம்மாவின் விலாசத்தை மட்டும் அனுப்பு. துரு இல்லை என்று அவர்களுக்கு நான் எழுத வேண்டும். எழுதினால் அவர்கள் அந்தக் கடிதத்தை எங்கே கொண்டுபோவார்கள், அதற்குப் பிறகு இந்த வீடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். சீக்கிரம் அனுப்பு, எனக்கு மனசு மாறுவதற்குள்.

அக்கா